மற்றும் பலர் என்று சொல்லாதவர்

கூட்டம் முடிந்து ஜனங்கள் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கும் நேரத்தில்தான் அவருக்கு மைக் கிடைக்கும். தலைவர் பேசியாகிவிட்டது. சிறப்புப் பேச்சாளர் மாலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாகிவிட்டது. பெஞ்சுகள் கிறீச்சிடும், பெண்கள் செருப்பைத் தேடுவார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே மெலிந்த மனிதர் ஒருவர் எழுந்து வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்து, மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்று, "இப்போது நன்றியுரை" என்பார். வேறு எந்தக் கூட்டத்திலும் அதற்கு மேல் ஒரு ஆள் நிற்கமாட்டான். எங்கள் கல்லூரிக் கூட்டத்தில் நிற்பார்கள். தங்கள் பெயர் வருகிறதா என்று கேட்பதற்கு.

எங்கள் கல்லூரி என்று நான் எழுதுவதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனால் ராயபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கல்லூரிக்குள் ஏழு வருஷம் மாதம் தவறாமல் போய் வந்திருக்கிறேன். அங்கே படித்துப் பட்டம் வாங்கியவன்கூட அத்தனை வருஷம் இருந்ததில்லை. யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களைத் தள்ளிவிட்ட சமயத்தில், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தோளோடு போய் ஓர் ஆம்பிளிஃபயரும் ஒரு மைக்கும் இரண்டு குழாய் ஒலிபெருக்கியும் வாங்கி வந்தவன் நான். எவனும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பிரித்துப் பார்த்தேன், ஷாக் அடித்தது, மறுபடி பிரித்துப் பார்த்தேன். மூன்றாம் மாதம் திருவொற்றியூர் தேரடியில் என் செட்டு பாடியது. அதன் பிறகு எண்ணூர் வரைக்கும் என் குழாய் கட்டாத கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. இதை எல்லாம் சொல்வது பெருமைக்காகத்தான், மறைப்பானேன். ஆனால் இந்தக் கட்டுரை என்னைப் பற்றியது இல்லை, அவரைப் பற்றியது.

அவர் கல்லூரி ஆபீசில் கிளார்க். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். அவருடைய அண்ணன்மார்கள் எல்லாரும் தங்கசாலைத் தெருவில் மொத்த வியாபாரக் கடை வைத்து நன்றாக இருந்தார்கள். இவருக்குக் கடையில் உட்காரப் பிடிக்கவில்லை. அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. அவருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்காமல் அச்சில் போடக் கூடாது. கேட்காமல் யார் பெயரையும் மேடையில் சொல்லாதவருக்கு நான் அந்த மரியாதையாவது செய்ய வேண்டும். நாங்கள் கிளார்க் சார் என்றுதான் கூப்பிடுவோம்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கல்லூரி மைதானத்தில் பொதுக்கூட்டம் நடக்கும். மாணவர்களோடு ஊர் ஜனங்களும் வந்து உட்காரட்டும் என்று கேட்டைத் திறந்து வைத்தவர் அன்றைய பிரின்சிபால். நல்ல மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும். பெண்கள் ஆலை வேலைக்குப் போகலாமா, தெருக்கூத்து கலையா கூச்சலா, எண்ணூர்க் கழிமுகத்து மீனவர் பாடு, சாதி விட்டுக் கல்யாணம் என்று ஒவ்வொரு மாதமும் ஒரு விஷயம். ஹார்பர் ஷிப்டு முடிந்த ஆட்கள் வருவார்கள். தீப்பெட்டி ஆலைப் பெண்கள் கையில் மருந்து வாசனையோடு வருவார்கள். காசிமேட்டுக்காரர்கள் வலையை உதறிவிட்டு அப்படியே வந்து பின்வரிசையில் உட்கார்ந்து, பேச்சாளர் பொய் சொன்னால் உரக்கவே சிரிப்பார்கள். நடுநடுவே கூட்ஸ் வண்டி கூவிக்கொண்டு போகும். அப்போது பேச்சாளர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். என் செட்டாலும் அந்தக் கூவலை ஜெயிக்க முடியாது.

நன்றியுரை சொல்ல எந்த லெக்சரருக்கும் மனம் இல்லை. எழுந்து போகிறவன் முதுகைப் பார்த்துப் பேச யாருக்குப் பிடிக்கும்? அதனால்தான் அது கிளார்க் சார் தலையில் விழுந்தது. அவர் அதைப் பதவி உயர்வு கிடைத்த மாதிரி வாங்கிக்கொண்டார்.

கூட்டத்தன்று மத்தியானமே அவர் வேலை ஆரம்பித்துவிடும். பழைய பரீட்சைத் தாள்களில் எழுதாத பக்கத்தைக் கத்தரித்து வைத்த சீட்டு, நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதும் ஒரு பென்சில். பெஞ்சு தூக்குகிறவன், பானையில் தண்ணீர் நிரப்புகிறவள், பேச்சாளரை ரிக்‌ஷாவில் கொண்டுவந்து விட்டவன் என்று ஒவ்வொருவரிடமும் போய் நிற்பார்.

முதல் தடவை என்னிடம் வந்தார். நான் தூணில் ஏறிக் குழாய் கட்டிக்கொண்டிருந்தேன்.

"வே, பேரு சொல்லும்."

"மைக் செட்டுனு போட்டுக்க சார்."

"மைக் செட்டுக்கு நன்றி சொன்னா அது தலையாட்டுமாவே? உம்ம பேரு என்ன?"

"ஏகாம்பரம்."

"தகப்பனார்?"

"அவரு செத்து பத்து வருசம் ஆவுது சார்."

"செத்துட்டா பேரு இல்லாமப் போயிருமா? சொல்லும்."

அன்றைக்குச் சாயங்காலம், நான் வாங்கிய மைக்கில், நான் கட்டிய குழாயில், "முனுசாமி மகன் ஏகாம்பரம் அவர்களுக்கு நன்றி" என்று வந்தது. ஆயிரம் பேர் பெயர் என் செட்டில் ஒலித்திருக்கிறது. என் பெயர் ஒலித்தது அன்றைக்குத்தான். என் அப்பா பெயரும். அடுத்த மாதத்திலிருந்து ஒரு குழாயை எங்கள் தெருப் பக்கமாகத் திருப்பிக் கட்டினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். என் சம்சாரம் அடுப்பு வேலையை விட்டுவிட்டு வாசலில் வந்து நிற்பாள்.

அவர் பட்டியலுக்கு ஒரு வரிசை உண்டு. அந்தஸ்து வரிசை இல்லை, அன்றைக்கு யார் முதலில் வந்தார்களோ அந்த வரிசை. காலையில் வந்தவன் பெயர் முதலில், ஐந்தரை மணிக்குக் காரில் வந்து இறங்கிய சிறப்புப் பேச்சாளர் கடைசியில். நோட்டீசில் போடுகிற "மற்றும் பலர்" என்ற வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. ஒரு தடவை அதைப் பற்றிக் கேட்டேன்.

"சார், சட்டுனு மற்றும் பலருக்கும் நன்றினு சொல்லிட்டு எறங்கிடலாமே. ஜனம் நின்னுகினு கீது."

"மற்றும் பலர்னு ஒருத்தன் உண்டாவே? அவன் எந்தத் தெரு? இருந்தாச் சொல்லும், போய்ப் பேரு கேட்டுட்டு வாறேன்."

பெஞ்சு தூக்க வருகிற ஹார்பர் ஆள் ஒருவன் இருந்தான். மூட்டை இழுக்கும் கொக்கியை எப்போதும் தோளில் மாட்டியிருப்பான், அதனால் ஊரே அவனைக் கொக்கி என்றுதான் கூப்பிடும். கிளார்க் சார் அவனிடம் பெயர் கேட்டபோது, "இரு சார், யோசிச்சி சொல்றேன்" என்றான். மெய்யாகவே யோசித்தான். பிறகு கூச்சத்தோடு, "தேவசகாயம்" என்றான்.

"தேவசகாயமா, தேவசகாயமணியா?"

"இன்னா சார் இது, இருக்கறத சொன்னா மேல ஒண்ணு போடுறியே!"

"ஒரு எழுத்து கூடிக் கொறஞ்சா அது வேற ஆளு, கேட்டீரா? அந்த ஆளுக்கு நான் எதுக்கு நன்றி சொல்லணும்?"

கூட்டத்தில் பெயர் சொல்லியாகிவிட்டது. மறுநாள் துறைமுகத்தில் பசங்கள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். "திருவாளர் தேவசகாயம் அவர்களே, இந்த மூட்டயக் கொஞ்சம் தூக்குவீங்களா?" "அய்யா அவர்களுக்கு டீ வேணுமா?" ஒரு மாதம் பொறுத்தான். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் வந்து, "சார், பசங்க ரொம்ப பேஜாரு பண்றானுங்க. என்னக் கொக்கினே சொல்லிடு" என்றான். கிளார்க் சார் சீட்டைத் திருத்தினார். அன்றைக்கு மைக்கில், "கொக்கி என்றே அழைக்கப்பட விரும்பும் நண்பருக்கு நன்றி" என்று வந்தது. துறைமுகத்துப் பசங்கள் கைதட்டினார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததை நான் தூணுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அவரிடம் ஒரு விசித்திரம் இருந்தது. நன்றி சொல்ல ஆரம்பிக்கும்போது, முதல் பெயருக்கு முன்னால், ஒரு மூச்சு நேரம் சும்மா நிற்பார். சீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார், பிறகுதான் வாசிப்பார். நான் முதலில் என் வயரில்தான் கோளாறு என்று பயந்தேன். மூன்றாவது மாதமும் அப்படியே நின்றபோது, வயர் சுருட்டும் நேரத்தில் கேட்டேன்.

"இன்னாத்துக்கு சார் மொதல்ல கம்முனு நிக்கிறீங்க?"

"மொதல்ல வந்த ஆளு பேரு இன்னும் கிடைக்கலவே. அதான் அந்த எடத்த விட்டு வச்சிருக்கேன்."

கூட்டத்தன்று எல்லாருக்கும் முன்னால், காலை ஆறு மணிக்கு வருகிறவள் ஒருத்தி. கல்லூரிக்குப் பின்னால் இருந்த கக்கூசுகளைக் கழுவி, மைதானத்தைப் பெருக்கி, தண்ணீர் தெளித்துவிட்டுப் பின்பக்கத்துச் சந்து வழியாகவே போய்விடுவாள். முன் கேட்டில் அவள் நுழைந்து யாரும் பார்த்ததில்லை. அவளை எல்லாரும் "ஏம்மே" என்றுதான் கூப்பிடுவார்கள், நானும்தான். சாயங்காலம் கூட்டம் நடக்கும்போது மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம், தெருவில் நின்று கேட்பாள். உள்ளே வந்து உட்காரச் சொல்லி யாரும் சொன்னதில்லை, வராதே என்றும் யாரும் சொன்னதில்லை. அவளே தெரிந்துகொண்டு வெளியே நின்றாள்.

கிளார்க் சார் முதல் தடவை அவளிடம் சீட்டும் பென்சிலுமாகப் போய்ப் பெயர் கேட்டபோது, அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நாலடி பின்னால் நகர்ந்தாள்.

"என் பேரு இன்னாத்துக்கு சார்? நா இன்னா தப்பு பண்ணேன்? அந்தாண்டயும் பெருக்கிட்டேனே சார்!"

அவள் பெயரைக் காகிதத்தில் எழுதுகிறவன் மேஸ்திரி ஒருவன்தான். எழுதினான் என்றால் அன்றைக்கு வேலை இல்லை. பெயரைக் கேட்டு எழுதுவதில் நல்லது ஒன்று இருக்க முடியும் என்பது அவளுக்குத் தெரியாது. கிளார்க் சார் பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டார். "தப்பு ஒண்ணும் இல்லம்மா. இஷ்டம் இருந்தாச் சொல்லுங்க, இல்லன்னா வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பிறகு ஒவ்வொரு மாதமும் கேட்டார். அவள் ஒவ்வொரு மாதமும் தலையாட்டினாள். அவர் மேடையில் ஒவ்வொரு மாதமும் ஒரு மூச்சு நேரம் நின்றார்.

ஐந்தோ ஆறோ மாதம் போயிருக்கும். ஒரு கூட்டத்தன்று காலை நான் பாட்டரியை இறக்கிக்கொண்டிருந்தேன். அவள் விளக்குமாறோடு கொஞ்சம் தள்ளி வந்து நின்றாள்.

"யோவ் மைக்கு. அந்த சார்கிட்ட சொல்லிடு. நாகரத்தினம்."

"ஆரு?"

"எம் பேருதான். எங்கம்மா வச்சது. எங்க வூட்டுக்காரு கூட அப்டிக் கூப்ட்டதில்ல."

"நீயே போயி சொல்லேன்."

"வெக்கமாக்கீது. நீ சொல்லு. எத்தினி மணிக்கு சொல்லுவாரு? எங்க அக்காவ இட்டுகினு வர்றேன். அந்தக் கொயாய எங்க செவுத்தாண்ட திருப்பி வுடு, கேக்கணும்."

நான் போய்ச் சொன்னேன். கிளார்க் சார் அந்தப் பெயரை இரண்டு தடவை என்னைச் சொல்லச் சொல்லி எழுதினார். சீட்டின் உச்சியில், மாதக்கணக்காகக் காலியாக இருந்த வரியில் எழுதினார். எழுதிவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "சரி, பந்தலப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். நடையில் துள்ளல் இருந்தது. நான் ஒரு குழாயை அவிழ்த்து மேற்குச் சுவர்ப் பக்கம் கட்டினேன். இது எல்லாம் நான் செய்தது. இதையும் எழுதிவிட்டு அடுத்ததை எழுதுகிறேன்.

அதற்கு முந்தின மாதம் பேச வந்த ஒரு பெரிய மனிதர், தன் பெயர் தண்ணீர்க்காரி பெயருக்கும் பின்னால் வந்தது என்று பிரின்சிபாலிடம் முகத்தைக் காட்டிவிட்டுப் போயிருந்தார். கூட்டத்துக்குப் பணம் திரட்டித் தருகிற ஆட்களில் அவரும் ஒருவர். அன்று மத்தியானம் பிரின்சிபால் கிளார்க் சாரைக் கூப்பிட்டு, நோட்டீசில் உள்ள பெயர்களை மட்டும் சொல்லி, மற்றும் பலருக்கும் நன்றி என்று இரண்டு நிமிஷத்தில் முடிக்கச் சொன்னார். கிளார்க் சார் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பிரின்சிபால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏகாம்பரம், அவர் பட்டியலை ஆரம்பிச்சா நீ சத்தத்தைக் குறைச்சுடு. எனக்கு வேற வழி இல்லை. ஆண்டு விழாவுக்கு மூணு நாளும் உன் செட்டுதான் வைக்கணும்னு நினைச்சிருக்கேன்."

என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். கிளார்க் சார் ஊருக்கே கற்றுக்கொடுத்த பெயர் அது.

அன்றைய கூட்டம் நகரத் தூய்மை பற்றி. பேச்சாளர் நன்றாகவே பேசினார், குறை சொல்ல மாட்டேன். வெளிநாட்டில் தெருவில் சோறு கொட்டிச் சாப்பிடலாம் என்றார். பின்வரிசையிலிருந்து, "அங்க தட்டு இல்லியா நைனா?" என்று ஒருவன் கேட்டான், ஜனம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கை ஆம்பிளிஃபயர் திருகு மேலேயே இருந்தது. மேற்குச் சுவருக்கு மேலே இரண்டு தலை தெரிந்தது. ஏதோ கல்லை அடுக்கி அதன் மேல் ஏறி நின்றிருந்தார்கள், அவளும் அவள் அக்காவும்.

கிளார்க் சார் மைக்குக்கு வந்தார். சீட்டைப் பிரித்தார். அன்றைக்கு அந்த ஒரு மூச்சு நேரம் நிற்கவில்லை.

"இன்று காலை ஆறு மணிக்கே வந்து இந்த மைதானத்தைத் தூய்மை செய்த"

பிரின்சிபால் திரும்பி என்னைப் பார்த்தார். நான் திருகைத் திருப்பினேன்.

குழாய் இரண்டும் செத்துப்போயின. அவர் வாய் அசைந்தது தெரிந்தது, பெயர் கேட்கவில்லை. அவர் மைக்கை ஒரு விரலால் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவர் தாம் பெயர் கேட்ட ஓர் ஆளைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். பிறகு மைக்கை விட்டு முன்னால் வந்து, மேடை விளிம்பில் நின்று, மைக் இல்லாமலே முதலிலிருந்து ஆரம்பித்தார். அவருக்கு உரத்த தொண்டை கிடையாது. முன்னால் இருந்த மூன்று வரிசைக்குக் கேட்டிருக்கலாம். ஜனம் எழுந்திருக்காமல் உட்கார்ந்து காதைக் கொடுத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் போக அந்தக் குரல் போதாது. நடுவில் கூட்ஸ் வண்டி வேறு போனது. அவர் நிறுத்தி, வண்டி போன பின் தொடர்ந்தார்.

பட்டியலில் என் முறை வந்தது. நான் முன்வரிசைக்குப் பக்கத்தில்தான் இருந்தேன், நன்றாகக் கேட்டது. "ஒலிபெருக்கி அமைத்து உதவிய முனுசாமி மகன் ஏகாம்பரம் அவர்களுக்கு நன்றி." மாதாமாதம் சொல்லுகிற அதே வார்த்தை, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குத்திக் காட்டினாரா என்று எத்தனையோ வருஷம் யோசித்துப் பார்த்துவிட்டேன். இல்லை. நான் காலையில் வந்து குழாய் கட்டினேன், அதற்கு நன்றி. அவருக்குக் கணக்கு அவ்வளவுதான். என்னால்தான் அன்றைக்கு நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

ஜனம் கலைந்த பிறகு அவள் சந்துப் பக்கம் வந்து நின்றாள். அக்காவும் பின்னால் நின்றாள்.

"யோவ் மைக்கு, சொன்னாரா?"

"சொன்னாரு."

"எங்களுக்குக் கேக்கலியே."

"காத்து அந்தப் பக்கம் அடிச்சிது."

அவள் அக்காவிடம் திரும்பி, "சொன்னாராம்கா" என்றாள். அக்கா தலையாட்டினாள். இருவரும் போய்விட்டார்கள். அந்த இரண்டு பேரும் என்னை நம்பியது, பிரின்சிபால் என்னை நம்பியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கிளார்க் சார் எப்போதும் போல வந்து வயரின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டார். இருவருமாகச் சுருட்டினோம். நான் ஆரம்பித்தேன்.

"சார், ஆம்பிளிஃபயர்ல அந்த வால்வு இருக்கே, சூடு ஏறிச்சின்னா..."

"வால்வு நல்லாத்தான் இருக்குவே."

கொஞ்ச நேரம் சுருட்டினார். பிறகு, "அந்த அம்மா வந்து விசாரிச்சாளா?" என்றார்.

"கேட்டா சார். நீங்க சொல்லிட்டீங்கனு சொன்னேன்."

"நான் சொன்னதும் நெசம். அவ காதுல விழாததும் நெசம். என்ன செய்ய." வயரை என் கையில் கொடுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த மாத நோட்டீசில் நன்றியுரைக்கு ஒரு லெக்சரர் பெயர் அச்சாகி வந்தது. கிளார்க் சார் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, அச்சுப்பிழை இருக்கிறதா என்று சரிபார்த்து, தானே போய்ப் பலகையில் ஒட்டினார். அந்தக் கூட்டத்தன்று மத்தியானமும் அவர் சீட்டும் பென்சிலுமாகத்தான் வந்தார். பெஞ்சு தூக்குகிறவனிடம் கேட்டார், தண்ணீர்க்காரியிடம் போனார், ரிக்‌ஷாக்காரனிடம் குனிந்து கேட்டார்.

"சார், இனிமேல்ட்டு இத்த யாரு படிக்கப் போறாங்க?" என்றேன்.

"கேட்டு வச்சுக்கிடுதேன். கெட்டா போவும்?" என்றார்.

நான் அன்றைக்குக் காலையிலிருந்தே ஒரு முடிவோடு இருந்தேன். யாரும் எனக்குப் புத்தி சொல்லவில்லை, நானாகவே யோசித்தது. எந்தக் கூட்டமானாலும் ஆரம்பிக்கும் முன் மைக்கைச் சோதிக்க வேண்டும். அந்த நேரத்து மைக் தலைவருக்கும் சொந்தம் இல்லை, பேச்சாளருக்கும் சொந்தம் இல்லை. அது மைக் செட்டுக்காரனுக்குச் சொந்தம். உலகத்தில் எந்தப் பிரின்சிபாலும் அதை மறுக்க முடியாது.

மணி மூன்றரை. மைதானத்தில் காலி பெஞ்சுகள், முன்வரிசையில் நாற்காலிகள், வெயில், கிளார்க் சார். மேற்குச் சுவர்ப் பக்கம் ஒரு குழாய், முன் கேட்டுக்கு மேலே ஒரு குழாய். வால்வு சூடாகும் வரைக்கும் நின்றேன். பிறகு கையை நீட்டினேன்.

"சார், அந்தச் சீட்ட இப்டிக் குடுங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொடுத்தார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பென்சில் எழுத்து வேறு, வெயிலில் மினுக்கியது. முதல் வரியை விரலால் பிடித்துக்கொண்டேன்.

"ஹலோ. ஹலோ. மைக் டெஸ்டிங். நா... க... ரத்... தினம். நாகரத்தினம். காலை ஆறு மணிக்கு வந்து மைதானத்தப் பெருக்குன நாகரத்தினம் அவர்களுக்கு நன்றி. ஹலோ."

இரண்டு குழாயிலும் வந்தது. கூட்ஸ் வண்டி ஒன்றுகூட இல்லை. கொக்கி, தூக்கிய பெஞ்சைத் தூக்கியபடியே நின்றான். பிரின்சிபால் வராந்தாவுக்கு ஓடி வந்தார்.

"என்னய்யா இது, ஏகாம்பரம்?"

"டெஸ்டிங் சார். ஒண்ணு ரெண்டு மூணு சொன்னா இப்பல்லாம் என் செட்டு எடுக்கமாட்டேங்குது. பேரு சொன்னாத்தான் எடுக்குது."

கிளார்க் சார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரித்தாரா என்னவென்று எனக்குத் தெரியாது. ஆண்டு விழா வேறு செட்டுக்காரனுக்குப் போய்விட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவனுடைய குழாய் கரகரவென்று இருந்ததாக ஊரே சொன்னது.

பிரின்சிபால் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முன் கேட்டில் காலடி கேட்டது. அவள்தான். தெருவில் பெருக்கிக்கொண்டிருந்தவள், குழாயில் தன் பெயர் வந்ததைக் கேட்டு, விளக்குமாற்றைப் பிடித்தபடியே ஓடி வந்திருக்கிறாள். எந்தக் கேட்டில் நுழைகிறோம் என்றுகூட அவள் பார்க்கவில்லை. மைதானத்து நடுவில், பெஞ்சுகளுக்கு மத்தியில் வந்து நின்று மூச்சு வாங்கினாள். முகத்தில் பயம்.

"கூப்ட்டீங்களா சார்? எம் பேர சொல்லிக் கூப்ட்டீங்களே! இன்னா ஆச்சி? எங்க பெருக்காம வுட்டேன்?"

பிரின்சிபால் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திறந்த வாயை மூடிக்கொண்டார். கிளார்க் சார்தான் முன்னால் போனார். முன்வரிசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து, கைக்குட்டையால் தட்டி, அவளுக்குப் பக்கத்தில் போட்டார்.

"ஆமாம்மா, கூப்பிட்டோம். ஒண்ணும் தப்பு இல்ல. கூட்டத்துக்குத்தான் கூப்பிட்டோம், இங்ஙன உக்காருங்க. உங்களுக்குத்தான் மொத நன்றி, இவரு மைக்குல சொன்னாரு."

அவள் நாற்காலியைப் பார்த்தாள். விளக்குமாற்றைத் தரையில் வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நுனியில் உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்த்து, பிரின்சிபால் நிற்பதையும் மறந்து, உரக்கச் சொன்னாள்:

"யோவ் மைக்கு, இன்னொரு தபா சொல்லுய்யா. ஓடியாந்ததுல ஒயுங்கா காதுல வுழல."

நான் திருகைச் சத்தம் கூடும் பக்கம் முழுசாகத் திருப்பினேன்.